அளவெடுப்பவர் பக்கம்

திங்கட்கிழமை காலை பூட்டக்கா அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தபோது மழை அப்போதுதான் விட்டிருந்தது. படிக்கட்டில் குடைகள் சொட்டிய தண்ணீர் தேங்கிக் கிடந்தது. முன்பு அச்சகமாக இருந்த கட்டடம் அது. இயந்திரங்களை எடுத்துப்போய் எத்தனையோ வருடமாகியும் மை வாசனை மட்டும் குடித்தனத்தைக் காலி செய்யவில்லை. மூன்றாவது மாடியில் நீளமான ஓர் அறை, ஆறு மேசைகள், அவற்றில் நான்கில் ஆள் கிடையாது. சுவர் முழுக்கப் பிள்ளைகள் வரைந்து அனுப்பிய படங்கள்: ஐந்து கால் குதிரை, சிரிக்கும் எரிமலை, நுரையீரலா பலூனா என்று யாராலும் சொல்ல முடியாத ஒன்று.

இந்த அறையிலிருந்துதான் அந்தக் கலைக்களஞ்சியம் நடந்தது. பிள்ளைகளே எழுதி, பிள்ளைகளே படிக்கும் இணையக் கலைக்களஞ்சியம். பதின்மூன்று வயதானால் எழுதும் உரிமை போய்விடும். பெரியவர்கள் அதில் ஒரு காற்புள்ளிகூட வைக்க முடியாது. சண்டை முற்றிப்போன பக்கத்தை முப்பது நாளைக்கு யாரும் தொடாதபடி பூட்டி வைக்கலாம், அவ்வளவுதான். அந்தப் பூட்டு அவள் பொறுப்பில் இருந்தது. பிள்ளைகள் அவளைப் பூட்டக்கா என்றார்கள். நாளாக ஆக அலுவலகமும் அப்படியே கூப்பிட ஆரம்பித்து, அவள் சொந்தப் பெயர் சம்பள நாளில் மட்டும் ஞாபகம் வருகிற ஒன்றாகிவிட்டது.

இன்னொரு விதியும் இருந்தது. சாட்சி விதி. ஒரு வரி பக்கத்தில் ஏற வேண்டுமானால் இரண்டு பிள்ளைகள் அதன் கீழே 'நான் பார்த்தேன்' என்று எழுத வேண்டும். ஏறிய வரியை இறக்க வேண்டுமென்றாலும் இரண்டு பேர் 'நான் பார்த்தேன், அப்படி இல்லை' என்று எழுத வேண்டும். கேள்விப்பட்டது, அப்பா சொன்னது எல்லாம் செல்லாது. 'சோப்பு சுவையாக இருக்காது' என்ற வரிக்கு நாற்பத்தொரு சாட்சிகள். 'பூனையைக் குளிப்பாட்டினால் அதற்குப் பிடிக்காது' என்ற வரிக்குச் சாட்சி சொன்னவன், கட்டுப் போட்ட கையைப் படமெடுத்தும் அனுப்பியிருந்தான்.

இந்த விதியை எழுதிய குழுவுக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. பூட்டக்காவுக்கு இன்றைக்கு அதன்மேல் கொலைவெறி.

காரணம் ஒரே ஒரு பக்கம். ஐந்து வாரமாக அவள் உயிரை எடுக்கும் பக்கம். கைப்பையை வைப்பதற்கு முன்பே திரையில் அதைத் திறந்தாள். நேற்று ஐம்பத்தெட்டாக இருந்த சாட்சிகள் இன்று அறுபத்து மூன்று.

*அளவெடுப்பவர்*

*அளவெடுப்பவர் இருக்கிறார்.*

*எங்கே இருப்பார்? கதவு நிலைக்கும் சுவருக்கும் நடுவில்.*

*எப்போது வருவார்? சாயங்காலம், விளக்குப் போடுவதற்கு முன்னால்.*

*எப்படித் தெரியும்? எச்சில் தொட்டு அழித்த சிலேட்டு வாசனை வரும். பிறகு உச்சந்தலையில் ஒரு விரல் படும்.*

*என்ன செய்ய வேண்டும்? நிலையில் முதுகு ஒட்ட நேராக நிற்க வேண்டும். எம்பக் கூடாது. குனியக் கூடாது. பேசக் கூடாது. நிலையில் ஒரு கோடு போட்டுவிட்டுப் போய்விடுவார்.*

*ஆபத்தானவரா? நேராக நின்றால் இல்லை.*

*இன்னும் தெரியாதவை: எதற்காக அளக்கிறார்.*

எறும்பைப் பற்றி எழுதுகிற அதே தொனி. பயமுறுத்தும் எண்ணம் எழுதியவர்களுக்கு இருந்ததாகவே தெரியவில்லை. அதுதான் அவளை அதிகம் எரிச்சல்படுத்தியது.

ஊரில் உள்ள பிள்ளைகள் எல்லாம் இதைப் படித்திருந்தால்கூட அவள் தலையில் அடித்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பாள். படித்தது அவள் பத்து வயது மகள். ஐந்து வாரமாக மாலை ஐந்தே முக்கால் ஆனால் அந்தப் பெண், கையில் இருப்பதைப் போட்டுவிட்டுப் படுக்கையறைக் கதவு நிலையில் போய் முதுகை ஒட்டிக்கொண்டு நிற்கிறாள். கால் மணி நேரம். கூப்பிட்டால் பதில் இல்லை. கிச்சுகிச்சு மூட்டினாலும் சிரிப்பில்லை. தோழியின் பிறந்தநாள் விருந்துக்குப் போகவில்லை, நீச்சல் வகுப்பை விட்டாயிற்று. போன வாரம் அவளைக் கையைப் பிடித்து இழுத்தபோது, மகள் ஓசையே இல்லாமல் அழுதாள். அந்த அழுகை இன்னும் பூட்டக்காவின் நெஞ்சில் மீன்முள்ளாய்க் குத்திக்கொண்டிருந்தது. நிலையில் நகத்தால் கீறியது போல மெல்லிய கோடு ஒன்று இருந்தது. காம்பஸ் முனையால் மகளே கீறியிருப்பாள் என்று பூட்டக்கா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

குழுத் தலைவருக்குப் போன் செய்தாள். இது பதினோராவது முறை.

"சார், என் பொண்ணு பாதி நோயாளியாயிட்டா. அந்தப் பக்கத்தை எடுத்துடுங்க சார்."

"நாங்க எப்படிம்மா எடுக்க முடியும்? பெரியவங்க கை வைக்கக் கூடாதுங்கறதுதானே நம்ம அடிப்படையே. ரெண்டு பிள்ளைங்க மறுக்கட்டும், தானா விழுந்துடும்."

"ஒரு பிள்ளையும் மறுக்க மாட்டேங்குது சார்."

"அப்ப யோசிக்க வேண்டிய விஷயம்தான்," என்று தலைவர் மிக அன்பாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

பக்கத்து மேசையில் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் ஒல்லியான இளைஞன் இருந்தான். கழுத்தில் எப்போதும் ஏதாவது கம்பி தொங்குவதால் அவனுக்கு ஒயர் என்று பெயர். "அக்கா, சார் யோசிக்கறதுக்குள்ள உங்க பொண்ணுக்குக் கல்யாணமே ஆயிடும்," என்றான்.

"நீ அழிச்சுத் தொலையேன்டா!"

"என் வேலையை நீங்க அழிச்சுடுவீங்க போல."

நான்கு மணிக்குப் பிள்ளைகளின் தினசரிக் கூட்டம். திரையில் சின்னச் சின்னக் கட்டங்களில் பதினைந்து முகங்கள். ஒன்றின் பின்னால் தம்பி ஒருவன் நாற்காலியோடு சேர்ந்து விழுந்துகொண்டிருந்தான்.

"இங்க பாருங்க செல்லங்களா," என்று பூட்டக்கா தன்னால் முடிந்த அளவு இனிமையாக ஆரம்பித்தாள். "அளவெடுப்பவர்னு ஒருத்தரும் கிடையாது. யாராவது ரெண்டு பேர் மறுத்து எழுதுங்க."

முன்பல் இல்லாத ஒரு பெண் கேட்டாள்: "அக்கா, நீங்க பார்த்தீங்களா?"

"இல்லாததை எப்படிம்மா பார்க்கறது?"

"அப்ப நீங்க பார்க்கல."

"பார்க்க வேண்டியதில்லை! எனக்குத் தெரியும்!"

"தெரியும்னா செல்லாது அக்கா," என்றான் கண்ணாடி போட்ட ஒரு பையன், வருத்தத்தோடு. அவள் தோற்பது அவனுக்கே பாவமாக இருந்தது. "பார்த்திருக்கணும்."

கூட்டம் முடிந்தது. ஒயர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். பூட்டக்கா மட்டும் உட்கார்ந்திருந்தாள். மணி நாலே முக்கால். இன்னும் ஒரு மணி நேரத்தில் மகள் போய் நிலையில் நிற்பாள். அதை நினைத்ததும் அவளுக்குள் ஏதோ அறுந்தது.

மகளின் கடவுச்சொல் அவளுக்குத் தெரியும். அக்கா மகனுக்கு ஒன்பது வயது. அவனைப் பதிவு செய்து கொடுத்ததும் அவள்தான், அவன் கடவுச்சொல்லும் தெரியும்.

இரண்டு பிள்ளைகள். கணக்கு சரியாக இருந்தது.

மகளின் பெயரில் நுழைந்தாள். முதல் வரியின் கீழே தட்டினாள்: *நான் பார்த்தேன், அப்படி இல்லை.* வெளியே வந்து அக்கா மகன் பெயரில் நுழைந்தாள். *நான் பார்த்தேன், அப்படி இல்லை.*

முதல் வரி விழுந்தால் பக்கமே விழும். விழுந்தது. அறுபத்து மூன்று சாட்சிகளும் ஒரு நொடியில் காணாமல் போனார்கள். யாரும் திரும்ப எழுதிவிடாதபடி அந்த வெற்றிடத்தைத் தன் சொந்தப் பூட்டால் முப்பது நாளைக்குப் பூட்டினாள். ஐந்து வாரத்தில் முதல் தடவையாக அவளுக்கு வாய்விட்டுச் சிரிக்க வேண்டும் போலிருந்தது.

மை வாசனையை மீறி வேறொரு வாசனை வந்தது. ஈரச் சிலேட்டு போல. மழையில் நனைந்த சுவர், என்று நினைத்தபடி விளக்கை அணைத்தாள்.

வீட்டுக்கு வந்தபோது ஐந்தரை மணி. மேற்கு ஜன்னலில் வெளிச்சம் பழுத்த இலையின் நிறத்தில் இருந்தது. மகள் மேசையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள், கண் மட்டும் கடிகாரத்தில்.

"கண்ணு, இனிமே நீ நிக்கவே வேண்டாம்," என்றாள் பூட்டக்கா, செருப்பைக்கூடக் கழற்றாமல். "பக்கம் போயே போச்சு!"

மகளின் பென்சில் நின்றது. "யாரும்மா எடுத்தா?"

"ரெண்டு பேர் மறுத்துட்டாங்க. விதிப்படிதான்."

"எந்த ரெண்டு பேர்?"

பூட்டக்காவுக்குப் பொய் சட்டென்று வரவில்லை. "நீயும்... பெரியம்மா பையனும்."

மகள் எழுந்து நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"நான் பார்க்கலையேம்மா. இல்லைன்னு நான் பார்க்கவே இல்லையே!"

"ஐயோ, அதெல்லாம் சும்மா ஒரு வரி..."

"கடைசி வரியை நீ படிக்கலையா? கீழே சாம்பல் எழுத்துல இருக்குமே?"

ஒரே சாட்சியோடு இரண்டாமவருக்காகக் காத்திருக்கும் வரிகள் பக்கத்தின் அடியில் சாம்பல் நிறத்தில் கிடக்கும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பூட்டக்கா அவ்வளவு தூரம் இறங்கிப் படித்ததில்லை. பெரியவர்கள் யாருமே படித்ததில்லை.

மகள் மனப்பாடமாகச் சொன்னாள்: "'இல்லை என்று சொன்னால், அடுத்த முறை படுக்க வைத்து அளப்பார்.' ஒரு பையன் எழுதினான். அதுக்கப்புறம் அவன் வரவே இல்ல."

"பதிமூணு வயசு ஆகியிருக்கும்டி."

"அவனுக்கு எட்டு வயசும்மா."

கைப்பேசி அடித்தது. அக்கா.

"ஏண்டி, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்," என்றாள் அக்கா. குரலில் பாதி கோபம், பாதி வேறெதோ. "இவன் என்ன புதுசா ஒரு கூத்து பண்றான்? ஹால் நடுவுல நீட்டிப் படுத்துட்டான். கை ரெண்டும் பக்கத்துல ஒட்டி. கூப்பிட்டா பேசல. கண்ணு மட்டும் திறந்திருக்கு. தூக்கலாம்னா... தூக்க முடியலடி. ஒன்பது வயசுப் பையன், என்னால தூக்க முடியல."

"அங்க இருட்டிடுச்சாக்கா?"

"கிழக்குப் பார்த்த வீடு, இங்க எப்பவும் சீக்கிரம் இருட்டும். அதை எதுக்குக் கேக்கறே?"

பூட்டக்கா இணைப்பைத் துண்டித்தாள்.

"மறுப்பைத் திரும்ப வாங்கணும்மா," என்று மகள் கணினியைத் திறந்தாள். "'நான் பார்க்கவில்லை'ன்னு எழுதினா போதும், பக்கம் வந்துடும்."

திரை சொன்னது: *இந்தப் பக்கம் பூட்டப்பட்டுள்ளது. முப்பது நாள் கழித்து வரவும். பூட்டக்கா.*

கீழே அவளுடைய சிரிக்கும் படம்.

அலுவலகக் கணினியில்தான் அந்தப் பூட்டைத் திறக்க முடியும். ஒயரைக் கூப்பிட்டாள்.

"பஸ்ல இருக்கேன்கா."

"இறங்கு! ஆபீசுக்குப் போய் அந்தப் பக்கத்தைத் திற!"

"அஞ்சு வாரமா மூடு மூடுன்னீங்க, இப்ப..."

"உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன்டா, இறங்கு!"

அவள் குரலில் இருந்ததைக் கேட்டு அவன் கேலியை விழுங்கினான். "இறங்கிட்டேன். ஆனா திரும்பிப் போக அரை மணியாவது ஆகும்கா."

அரை மணி. ஜன்னலில் வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. நாற்காலிகளின் நிழல்கள் ஒன்றோடொன்று கலந்து தரையெல்லாம் ஒரே நிறமாகிவிட்டது. பூட்டக்கா ஓடிப்போய் எல்லா விளக்கையும் போட்டாள். விளக்குகள் எரிந்தன. மேசையில், அலமாரியில், தண்ணீர்க் குவளையில் வெளிச்சம் விழுந்தது.

படுக்கையறைக் கதவின் பக்கம் மட்டும் விழவில்லை.

அங்கே சாயங்காலம் அப்படியே நின்றது.

வாசனை முதலில் வந்தது. எச்சில் தொட்டு அழித்த சிலேட்டு.

"அம்மா," என்று மகள் கிசுகிசுத்தாள். "எனக்கு முழங்கால் மடங்குது. நான் மடக்கல."

மகள் உட்கார்ந்தாள். யாரோ தோளைப் பிடித்து, அவசரமே இல்லாமல் சாய்ப்பது போல அவள் முதுகு தரையைத் தொட்டது. கைகள் தாமாகப் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டன. பூட்டக்கா அவளை அள்ளித் தூக்கப் பார்த்தாள். தரையோடு சேர்த்து வார்த்த சிலையைத் தூக்குவது போலிருந்தது.

கதவுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு விரற்கடை இடம்தான் உண்டு.

அந்த இடம் மூச்சு விட்டது.

"அவ எழுதல!" என்று பூட்டக்கா அலறினாள்.

நின்றது. மூச்சு நின்றது.

"அவளும் எழுதல, அந்தப் பையனும் எழுதல. ரெண்டும் நான் எழுதினேன். அவங்க பேர்ல நான் எழுதினேன்." ஐந்து வாரமாக யாரிடமும் சொல்ல வராத அடுத்த வார்த்தை, இப்போது வந்தது. "பார்க்காமலே எழுதினேன்."

மகளின் விரல்கள் அசைந்தன. பிறகு கை. மகள் புரண்டு, நான்கு காலில் தவழ்ந்து மேசைக்கடியில் போய்விட்டாள்.

பூட்டக்கா தானாகவே படுத்தாள். அதுதான் சரி என்று தோன்றியது. தரை குளிர்ந்திருந்தது.

உச்சந்தலையில் ஒரு விரல்.

குதிகாலில் இன்னொன்று.

உச்சந்தலையிலிருந்து குதிகால் வரை எட்டுகிற அளவுக்கு நீளமான ஒரு கை யாருக்கும் இருக்க முடியாது என்ற நினைப்பு வந்தது. அந்த நினைப்பை அவள் உடனே விட்டுவிட்டாள். பிள்ளைகளின் பக்கத்தில் உயரம் மட்டும்தான் இருந்தது. இப்போது விரல்கள் நகர்ந்தன. இடது தோள். வலது தோள். மார்பின் மேலே, எவ்வளவு உயரம் எழும்புகிறது என்று, மூச்சை உள்ளே இழுக்கும்போது ஒருமுறை. வெளியே விடும்போது ஒருமுறை.

பெட்டி செய்யத் தச்சன் பலகை பார்ப்பது போல. தப்பு வரக் கூடாது என்ற அக்கறையோடு.

தரையில், அவள் தலைக்கு மேல், நகம் கீறும் ஓசை.

காலுக்குக் கீழே இன்னொரு கீறல்.

பிறகு கதவுப் பக்கம் வெளிச்சம் விழுந்தது.

மகள் மேசைக்கடியிலிருந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ நேரா படுத்தேம்மா," என்றாள், தேர்வில் தேறியவளிடம் சொல்வது போல. "அசையவே இல்ல."

"என்னடி பார்த்தே?"

மகள் யோசித்தாள். "சொன்னா செல்லாதும்மா."

அக்காவிடமிருந்து அழைப்பு வந்தது. பையன் எழுந்துவிட்டான், பசிக்கிறது என்கிறான், கேட்டால் ஒன்றும் ஞாபகமில்லை என்கிறான். நாளைக்கு டாக்டரிடம் கூட்டிப் போவதாம். "போக்கா, கண்டிப்பா போ," என்று பூட்டக்கா சொன்னாள். வேறென்ன சொல்வது?

ஏழு மணிக்கு ஒயர் பூட்டைத் திறந்தான். "திறந்தாச்சுக்கா. ஆனா ஒண்ணு சொல்லிடறேன், நாளைக்கு மறுபடியும் மூடச் சொன்னீங்கன்னா நான் ஊரைவிட்டே ஓடிடுவேன்."

மகள் தன் மறுப்பைத் திரும்பப் பெற்றாள். பக்கம் வந்தது. அறுபத்து மூன்று சாட்சிகளும் வரிசை மாறாமல் வந்தார்கள்.

பூட்டக்காவுக்குக் கை பரபரத்தது. அவள் பார்த்துவிட்டாள். உலகத்தில் எந்தப் பிள்ளையும் எழுதாத ஒன்று அவளுக்குத் தெரியும். தோளை அளப்பார், மூச்சை அளப்பார், பெரியவர்களையும் அளப்பார். தன் பெயரில் நுழைந்து தட்டினாள். ஓர் எழுத்துகூட விழவில்லை. *பெரியவர்கள் எழுத முடியாது.* மறுபடி தட்டினாள். *பெரியவர்கள் எழுத முடியாது.* மேசையை ஓங்கிக் குத்தினாள்.

"சரி, நான் சொல்றேன், நீ எழுது."

"நீ பார்த்ததை நான் எழுதக் கூடாதும்மா," என்றாள் மகள் பொறுமையாக. "இன்னிக்கு இவ்வளவு நடந்தும் திரும்ப அதையே சொல்றியே."

பூட்டக்கா நாற்காலியை நகர்த்தி மகளுக்கு இடம் விட்டாள்.

மகள் அடிவரைக்கும் இறங்கிப் போனாள். சாம்பல் வரியின் கீழே எழுதினாள்: *நான் பார்த்தேன்.* இரண்டு சாட்சி ஆயிற்று. வரி கறுத்து மேலே ஏறிக்கொண்டது. பிறகு 'இன்னும் தெரியாதவை' பகுதியில் புதிதாக ஒன்று சேர்த்தாள்: *பெரியவர்கள் வளர மாட்டார்கள். அவர்களை எதற்காக அளக்கிறார்?*

"யாராவது தெரிஞ்சவங்க வந்து எழுதுவாங்க," என்றாள்.

இருவரும் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். தெருவில் யாரோ சைக்கிளை நிறுத்தும் சத்தம். மாடி வீட்டில் பாத்திரம் உருண்டது. சாதாரணமான, நல்ல சத்தங்கள். பூட்டக்காவின் மூச்சு மெல்ல மெல்லத் தன் ஒழுங்குக்குத் திரும்பியது.

மூன்றாவது நிமிடத்தில் அந்தக் கேள்வியின் கீழே ஒரு சாட்சி வந்தது. பெயர் இல்லை. படம் இல்லை. வயது போடும் இடம் காலியாக இருந்தது.

எல்லோரும் எழுதுகிற 'நான் பார்த்தேன்' அதில் இல்லை.

*நான் அளந்தேன். சரியாக இருக்கிறது.*